பரீட்சை எழுத வேண்டாம் என்ற குரல்

மாலா, அனீஷ், மக்களே,

போன வாரம் கடைப்பக்கம் வந்து அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் சேவை மையத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிற மனுஷன் வந்து உட்கார்ந்தால் உங்களுக்கு இடைஞ்சல் என்று தெரியும். முட்டுவலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடந்தால் கால் பழவங்காடிக் கடைக்குத்தான் வருகிறது, என்ன செய்ய?

அப்போது ஒரு பெண் வந்து, "ஆன்லைன்ல எம்.ஏ. படிக்கணும், நல்ல இடமாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். அனீஷ் நெட்டில் நாலு வார்த்தை அடித்தான். மேலே வந்த முதல் வரியைத் திறந்தான். அது விளம்பரம். பெயர் கேட்டது, ஃபோன் நம்பர் கேட்டது. அந்தப் பெண்ணின் நம்பரை அப்படியே போட்டுவிட்டான். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது.

வாடிக்கையாளர் முன்னால் உங்களைத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கத் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, யாருக்கும் ஒன்றும் கொடுத்துவிட வேண்டாம், கடைக்கு வந்து பேசிவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் பத்தாவது வரைக்கும் போனவன். என் தமிழ் அவ்வளவுதான். மாலா மலையாளத்தில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அனீஷுக்கு அவள் வாசித்துச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் மெதுவாகத்தான் போகும். போகட்டும். இது மெதுவாகப் படிக்க வேண்டிய சங்கதி.

நம் கடையில் வரும் வேலைகளில் முக்கால்வாசி, தப்பினால் திருத்திக்கொள்ளக் கூடியவை. ரேஷன் கார்டில் பெயர் பிசகினால் இன்னொரு நடை. பாஸ்போர்ட்டுக்கு நாள் தவறினால் வேறு நாள். மேல்படிப்புக்கு ஒருத்தரைச் சேர்த்துவிடுவது அப்படி இல்லை. தப்பான இடத்தில் சேர்ந்தவருக்கு அது தெரிய வருவதே எல்லாம் முடிந்து, வேலைக்குப் போய் உட்காரும்போதுதான். "இந்தப் பட்டம் செல்லாது" என்று அங்கே ஒருவர் சொல்லுவார். போன வருஷங்களைத் திருப்பி வாங்க எந்த சேவை மையத்திலும் வழி கிடையாது.

சுகந்தியை உங்களுக்குத் தெரியும். சாலை பஜாரில் பாத்திரக் கடையில் நின்றுகொண்டே பில் போட்டவள், டைல்ஸ் வேலை செய்யும் முருகேசனுடைய மனைவி. அவளுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது. மாலா அப்போது பிரசவத்துக்காக வீட்டில் இருந்தாள். அனீஷ் இன்னும் சேரவில்லை. கடையில் நான் ஒருத்தன்தான்.

சுகந்தி பி.காம். கணக்கில் கெட்டிக்காரி. அப்பா உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்ட வருஷம்தான் அவள் எம்.காம். சேர இருந்தாள். நடக்கவில்லை. பிறகு கல்யாணம், குழந்தை, பாத்திரக் கடை. இத்தனைக்கும் நடுவே அவள் மனசிலிருந்து அந்தப் படிப்பு போகவே இல்லை. கடை முதலாளியின் கணக்குகளைப் பார்க்கிற ஆடிட்டர் ஒருவர், இவள் எழுதி அனுப்பும் கணக்கைப் பார்த்துவிட்டு, "எம்.காம். படிச்சிட்டு வா, என் ஆபீஸில் ஸீட் உண்டு" என்று சொல்லியிருந்தார். படித்துக்கொண்டிருந்தாலே போதும் என்றும் சொன்னாராம். நாள் முழுக்க நின்று பில் போடுகிறவளுக்கு மேஜையும் நாற்காலியும் உள்ள வேலை. காலேஜுக்குப் போய்ப் படிக்க நேரம் இல்லை. ஆன்லைன்தான் வழி.

அவளும் அனீஷ் செய்ததைத்தான் செய்திருந்தாள். ஏதோ ஒரு விளம்பரத்தில் நம்பரைப் போட்டாள். அடுத்த நிமிஷம் அழைப்பு.

இதுவரைக்கும் எல்லா ஊரிலும் நடப்பது. நமக்கென்று தனியாக நடந்தது இனிமேல்தான்.

அழைத்தவன் தமிழ் பேசினான். சும்மா தமிழ் இல்லை, திருநெல்வேலித் தமிழ். "அக்கா, நீங்க எந்த ஊரு? பணகுடியா? அடடே, எங்க சித்தி வீடு வள்ளியூர்லல்லா இருக்கு! கோயில் கொடைக்கு வருவீகளா?" இப்படி.

மக்களே, இது உங்களுக்கு விளங்காது. நீங்கள் இங்கே கேரளத்தில் பிறந்தவர்கள், மலையாளம் உங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. என் வயசுக்காரர்களுக்கும், சுகந்தி வீட்டார் மாதிரி பிழைக்க வந்தவர்களுக்கும் அப்படி இல்லை. ஆபீஸில் ஃபாரம் மலையாளம், ஆஸ்பத்திரியில் சீட்டு மலையாளம், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் மீட்டிங் மலையாளம். பேசத் தெரியும், ஆனாலும் எங்கேயும் ஒரு அடி பின்னால் நின்றுதான் பேசுவோம். அப்படி இருக்கும்போது ஒரு குரல் நம்ம ஊர் பேச்சில் "அக்கா" என்று கூப்பிட்டால், பஸ்ஸில் பாதி ஸீட் கொடுக்கிற மாதிரி மனசு தானாக நகர்ந்து இடம் கொடுத்துவிடும். மலையாளத்தில் ஒருவன் இதே விஷயத்தைச் சொல்லியிருந்தால் சுகந்தி நூறு கேள்வி கேட்டிருப்பாள். தமிழில் சொன்னதால் கேட்கவில்லை.

இன்னொரு சாமர்த்தியமும் அவனிடம் இருந்தது. அவன் பணம் கேட்கவில்லை. "கட்டணமெல்லாம் அப்பொறம் பாத்துக்கிடலாம்க்கா, முதல்ல ஸீட்டைப் பிடிச்சுப் போடுவோம்" என்றான். பணம் கேட்டால் உஷாராக நம் ஆட்களுக்குத் தெரியும். கேட்காதவனிடம் எப்படி உஷாராவது? முருகேசனே வீட்டில் சொல்லியிருக்கிறான்: "துட்டு கேக்கலைல்லா? பின்னே என்ன பயம்?"

அவன் கேட்டவை இரண்டு. பட்டத்தின் அசல் சான்றிதழ்களை "சரிபார்க்க" கூரியரில் அனுப்ப வேண்டும். பிறகு, மேல்படிப்பு சேருகிறவர்கள் அரசுத் தளத்தில் தங்கள் பெயரில் எடுக்க வேண்டிய அடையாள எண் இருக்கிறதல்லவா, அதை அவனே எடுத்துத் தருவான், ஃபோனுக்கு வரும் ஓ.டி.பி.யை மட்டும் சொன்னால் போதும். அசலும் அந்த எண்ணும் அவன் கையில் இருந்தால், பிறகு அவன் கேட்கிற பணத்தைக் கொடுக்காமல் தப்ப முடியுமா?

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சுகந்தி வேர்க்க விறுவிறுக்க நம் கடைக்கு வந்தாள். ஓ.டி.பி. சொல்லும்போது பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு ஆள் இருக்கட்டும் என்று வந்திருக்கிறாள். அசல் சான்றிதழ்கள் உள்ள கவரை வருகிற வழியில் நம் வரிசையிலேயே இருக்கிற கூரியர் கடையில் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அட்மிஷன் மூடிவிடும் என்று அவன் அவசரப்படுத்தியிருக்கிறான்.

"அண்ணாச்சி, நம்ம ஊர்க்காரப் பையன்தான். நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க" என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் அண்ணாச்சி! நல்லா இருக்கீகளா? கடை பழவங்காடியா? பிள்ளையாருக்கு எனக்கும் சேத்து ஒரு தேங்காய் உடைச்சிருங்க" என்றது குரல்.

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. நல்ல பிள்ளை என்றுதான் தோன்றியது. அந்த நேரம் வண்டி இன்சூரன்ஸைப் புதுப்பித்துப் பிரிண்ட் எடுக்க ஆட்டோ ஓட்டும் பிரசாத் அண்ணன் வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவரும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுகந்தி, பாடம் எப்போது தொடங்கும், புத்தகம் தபாலில் வருமா, கம்ப்யூட்டரில் வருமா என்று கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் "வரும்க்கா, வரும்க்கா" என்றான். கடைசியில் அவள், "தம்பி, பரீட்சை எப்படி? நான் கடையில லீவு சொல்லணும், அதான் கேக்கேன்" என்றாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பரிசு கொடுக்கிறவன் மாதிரி சொன்னான்: "அக்கா, அதைப் பத்திக் கவலையே படாதீக. லீவே போட வேண்டாம். பரீட்சை நீங்க எழுதவே வேண்டாம். அதெல்லாம் நம்ம ஆளுக எழுதிருவாக. ஃபஸ்ட் கிளாஸ் கேரண்டி."

பிரசாத் அண்ணன் மேஜையைத் தட்டினார். "பரீட்ச எழுதண்டயோ? கொள்ளாமல்லோ அண்ணாச்சீ! எனிக்கும் ஒரெண்ணம் எடுக்கு!" நல்லா இருக்கே, தனக்கும் ஒரு பட்டம் வேண்டுமாம். ஆட்டோவுக்குப் பின்னால் எழுதிப் போடுவாராம்.

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டில் கல்லைக் கடித்த மாதிரி முகம். மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. அதான் சொல்லுதேன்ல்லா."

"இல்ல தம்பி. நான் படிக்கத்தான் சேருதேன்."

"படிங்க, யாரு வேண்டாம்னா? பட்டம் கையில வந்த பொறவு நிதானமாப் படிங்க. இப்ப ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்க, அதைச் சொல்லுங்க."

சொல்லி வைத்த மாதிரி அவள் ஃபோன் டிங் என்றது.

மக்களே, இந்த இடத்தில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும். நம் தொழிலில் நெருக்கடி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஒரு பக்கம் சாயங்காலத்துக்குள் மூடிவிடுகிற கதவு. இன்னொரு பக்கம் காத்துக்கொண்டிருக்கிற ஓ.டி.பி. வாடிக்கையாளர் நம் முகத்தைப் பார்க்கிறார். சரி என்று தலையாட்டினால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. வேண்டாம் என்று சொல்லி, பிறகு அது நல்ல இடம் என்று தெரிந்தால், ஒருத்தியின் வருஷத்தைக் கெடுத்த பழி நமக்கு. அந்தப் பல்கலைக்கழகம் பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. பெயர் கேள்விப்பட்ட பெயர்தான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவசரம் அவனுக்குத்தான் இருந்தது. உண்மையாகவே படிப்பு சொல்லித் தருகிற இடத்துக்கு, இந்த ஒரு பெண் இன்றைக்கு சேர்ந்தே ஆக வேண்டும் என்று என்ன அவசரம்?

அவள் ஃபோனில் ஓ.டி.பி. வந்திருந்த இடத்தை என் கையால் மூடினேன். "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க. விசாரிச்சிட்டுச் சொல்லுதோம்" என்றேன்.

"அண்ணாச்சி, அஞ்சு நிமிஷத்துல ஸீட் போயிரும்."

"போனாப் போகட்டும்."

குரல் மாறிவிட்டது. "அக்கா, கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்கிடாதீக. நம்ம ஊரு ஆளாச்சேன்னு நான் இவ்வளவு பண்ணுதேன். வேற ஆளுக்குக் கொடுத்துட்டுப் போயிருவேன்."

"கொடுங்க தம்பி" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தவள் சுகந்திதான். நான் இல்லை. துண்டித்த மறு விநாடி, "அய்யோ, சர்ட்டிபிகேட்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

நானும் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்றா சொன்னேன்? முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன். பிரசாத் அண்ணன் கடைக்குக் காவல். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம், தேங்காய்ச் சில்லும் தண்ணீருமாக ரோடு வழுக்கியது. கூரியர் கடைக்குள் போனால், வாசலுக்கு வந்துவிட்ட வேனுக்கு ஏற்ற மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தவில்லை. "ஸ்கேன் செய்து போயி சேச்சி. இனி திரிச்சு தரான் பற்றில்லா." ஸ்கேன் ஆகிவிட்டது, இனித் திருப்பித் தர முடியாதாம்.

சுகந்தி அந்த நேரம் பேசின மலையாளத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அந்த மூட்டையில் இருப்பது தன் பட்டம் என்றாள். அது போய்விட்டால் தான் படித்ததற்கு வேறு சாட்சி கிடையாது என்றாள். தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டேன், அனுப்பினவளே கேட்கிறேன், என் அடையாள அட்டையைப் பார், என் கையெழுத்தைப் பார் என்றாள். அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தானும் தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருப்பதாகப் பிறகு சொன்னாள். மேனேஜருக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள், கான்சல் என்று ஏதோ தட்டினாள், கட்டின மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள். கவர் அடியில் கிடந்தது. சுகந்தி அதை வாங்கி, குழந்தையைத் தூக்கிக்கொள்ளுகிற மாதிரி மார்போடு வைத்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பி வந்துதான் நிதானமாகப் பார்த்தோம். உயர்கல்வியை ஒழுங்குபடுத்துகிற அரசு அமைப்பின் தளத்தில், எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்தலாம் என்று போட்டிருப்பார்கள். அவன் சொன்ன பல்கலைக்கழகம் அதில் இருந்தது! சுகந்தி, "ஐயோ, இருக்கே அண்ணாச்சி, தப்புப் பண்ணிட்டோமோ" என்று பதறினாள். இன்னும் கீழே போய்ப் பார்த்தோம். பல்கலைக்கழகம் நிஜம்தான். ஆனால் அந்த முறை சேர்க்கைக்கு அங்கே ஆன்லைனில் அனுமதி உள்ள படிப்புகளில் எம்.காம். இல்லை.

இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். இந்தப் படிப்புக்கு, இந்த முறை சேர்க்கைக்கு, ஆன்லைனில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று இருந்த அனுமதி இன்று இல்லாமல் போகலாம். நர்சிங், சட்டம் மாதிரிப் படிப்புகளை முழுக்க ஆன்லைனில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இருந்த நம்பருக்கு அழைத்தோம். விளம்பரத்தில் வந்த நம்பருக்கு இல்லை. ரொம்ப நேரம் பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு அம்மா எடுத்தார்கள். இந்தியும் இங்கிலீஷும் கலந்த பேச்சு, தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி எரிச்சல். எங்களுக்குக் கேரளத்தில் சென்டர் கிடையாது, ஏஜெண்ட் கிடையாது, எம்.காம். ஆன்லைனில் இப்போது இல்லை, மற்றதெல்லாம் வெப்சைட்டில் பார்த்துக்கொள். அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, நின்னு பேசவே மாட்டேங்காக" என்றாள் சுகந்தி.

"பேசினது அம்புட்டும் உண்மைல்லா" என்றேன்.

தேன் மாதிரிப் பேசியவனிடம் ஒரு உண்மையும் இல்லை. எரிந்து விழுந்த அம்மா நாலு வாக்கியத்தில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். எந்த மொழியில் பேசுகிறார்கள், எவ்வளவு அன்பாகப் பேசுகிறார்கள் என்பதை வைத்து ஒரு படிப்பை அளக்கக் கூடாது என்று அன்றைக்கு எனக்கே உறைத்தது.

சாயங்காலம் முருகேசன் சிமெண்டு படிந்த சட்டையோடு கடைக்கு வந்தான். அவனுக்குக் கோபம். ஸீட் போச்சு, வருஷம் போச்சு, ஆடிட்டர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார் என்று. "ஆடிட்டர் சர்ட்டிபிகேட்தானே கேட்டாரு? நீ படிச்சியா இல்லையான்னா கேட்டாரு?" என்றான்.

சுகந்தி திரும்பி, "ஏங்க, அங்க போய்ச் சர்ட்டிபிகேட்டா உக்காந்து கணக்கு பாக்கும்? நான்தானே பாக்கணும்? மொத நாளே ஒரு கேள்வி கேட்டா நான் முழிக்கணுமா?" என்றாள்.

முருகேசன் என்னைப் பார்த்தான். "இவ இப்படித்தான் அண்ணாச்சி. டைல்ஸ்ல ஒரு நூல் கோணல் இருந்தாக்கூட அதைப் பேத்துத் திரும்ப ஒட்டச் சொல்லுவா." கோபம் பாதியில் சிரிப்பாகிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து இரண்டு பேரையும் அனுப்பினேன். ஆனால் அவன் பயந்தது பொய்யில்லை. ஆடிட்டர் அந்த ஸீட்டுக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார். சுகந்தி கொஞ்ச நாள் கடைப்பக்கமே வரவில்லை.

அடுத்த சேர்க்கை தொடங்க நேரம் இருந்தது. அவள் திரும்பி வந்தபோது நாங்கள் தேடின விதம் வேறாக இருந்தது. முன்னொரு காலத்தில், யுனிவர்சிட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மேடம் நம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள். பேரன் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருநாள், "இந்தப் பட்டத்தை நாளைக்கு யார் கையில் கொடுக்கப் போகிறாய் என்று முதலில் கேள். பிறகு எங்கே படிப்பது என்று கேள்" என்று சொன்னார்கள். கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. சுகந்தி விஷயத்தில்தான் அதன் கனம் தெரிந்தது.

அவள் நேரே ஆடிட்டரிடம் போய்க் கேட்டாள். ஸீட் போனவள் எந்த முகத்தோடு போவாள் என்று நான் நினைத்தேன். அவள் போனாள். அவர், அனுமதி உள்ள எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு, "பின்னீடு பி.எஸ்.சி. எழுதணும்னு எண்ணம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். இங்கே அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.சி. தேர்வைப் பிற்காலத்தில் எழுதுவாயா என்று. அப்படி இருந்தால், வெளிமாநிலப் பட்டத்தை இங்கே சமமாக ஏற்றுக்கொள்ளுகிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள் என்றார். அது அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை, எனக்கும் தோன்றியிருக்கவில்லை. இங்கத்து யுனிவர்சிட்டி ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்று கேட்டுவிட்டு வந்தாள். அனுமதி இருந்த இடங்களில் சில அதிலேயே கழிந்தன.

மிச்சம் இருந்த இடங்களுக்கு அவளே ஒரு காரியம் செய்தாள், நான் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒவ்வொன்றின் பாடத்திட்டத்தையும் எடுத்து வாசித்து, அதில் ஒரு பாடத்தைப் பற்றி ஒரு சந்தேகத்தை மெயிலில் எழுதி அனுப்பினாள். ஒரு இடத்திலிருந்து, "அன்புள்ள மாணவரே, இன்றே சேருங்கள்" என்று வந்தது. ஒரு இடத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை. ஒரு அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வந்தது. கீழே பாடம் நடத்துகிற ஆசிரியரின் பெயர் இருந்தது. அதோடு, இந்தப் பாடத்துக்கு உங்கள் பி.காம். கணக்கு கொஞ்சம் புதுப்பிக்க வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் முன்கூட்டியே தொடங்குங்கள் என்று ஒரு வரி.

"அண்ணாச்சி, இவங்க என்னையப் பயமுறுத்துதாங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "இங்கேயே சேருதேன்."

அங்கே ஏற்கனவே படிக்கிற ஒரு பெண்ணின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். குறை என்ன என்று கேட்டாள். குறைகளும் உண்டாம். வகுப்பு சில நாள் கம்ப்யூட்டரில் இழுத்து இழுத்து நிற்குமாம், விடைத்தாள் திருத்தி வர நேரம் ஆகுமாம். சுகந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தாள். அரசுத் தளத்தில் அடையாள எண்ணை அவளே அவள் ஃபோனில் எடுத்தாள். அசல் சான்றிதழ் எங்கும் போகவில்லை, ஸ்கேன் மட்டும் போனது. இதையெல்லாம் நம் கடைக் கம்ப்யூட்டரில்தான் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோடு சரி.

நம் வேலை அவ்வளவுதான் மக்களே. அவர்களுக்காகத் தேர்ந்தெடுப்பது நம் வேலை இல்லை. அவர்கள் நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க, அந்த ஐந்து நிமிஷத்தை யாரும் பறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுவதுதான் நம் வேலை.

சேர்ந்த விவரத்தை ஆடிட்டரிடம் சொன்னாளாம். வருமான வரிக் கணக்கு நெருக்கும் மாதங்கள் வந்தபோது, அரை நாள் வந்து பார் என்று அவரே கூப்பிட்டார். காலையில் ஆடிட்டர் ஆபீஸ், மத்தியானத்துக்கு மேல் பாத்திரக் கடை. ராத்திரி படிப்பு. முருகேசன் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டக் கற்றுக்கொண்டான். டைல்ஸ் ஒட்டுகிற மாதிரித் தோசை சுடுகிறான் என்று சுகந்தி கேலி செய்வாள்: ஓரமெல்லாம் சதுரமாம்.

முதல் பரீட்சை முடிவு வந்த அன்று நம் கடைக்குத்தான் வந்தாள், பிரிண்ட் எடுக்க. நான் திறந்து பார்த்தேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் நல்ல மார்க். மற்றவையும் மோசமில்லை. புள்ளியியலில் மட்டும் ஃபெயில்.

 இவ்வளவு அலைந்து, இவ்வளவு பார்த்துச் சேர்ந்த இடம். அன்றைக்கும் பிரசாத் அண்ணன் ஏதோ காரியமாக வந்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, தோற்று போயோ மோளே?" என்றார் பாவமாக.

"ஒரெண்ணத்தில் தோற்று அண்ணா" என்றாள் சுகந்தி.

"விடும்மா, அடுத்த தடவை பாத்துக்கிடலாம், முதல் தடவைதானே" என்று நான் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"எதுக்கு அண்ணாச்சி சமாதானம்? அந்தப் பேப்பர்ல கடைசிக் கேள்விக்கெல்லாம் நான் ஒண்ணுமே எழுதலை. எனக்குத் தெரியலை. எழுதாததுக்கு அவங்க மார்க் போடலை." மார்க் தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "அப்போ இந்த மத்த மார்க்கெல்லாம் நான் எழுதினதுக்குத்தானே வந்திருக்கு?"

 கேட்டுவிட்டு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புள்ளியியல் மறுபரீட்சைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று தேடத் தொடங்கிவிட்டாள்.